நட்சத்திரப் படத்துக்கு யார் கூலி கொடுப்பது?

2024 இன் தொடக்கத்தில் இலங்கை அரச வைத்தியர்களின் டீ.ஏ.டி. (இடையூறு, கடமைக்குத் தயார்நிலை, போக்குவரத்து) கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்த அமைச்சரவை இணங்கியது. தங்களுக்கும் அதே உயர்வு வேண்டுமென்று 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆஸ்பத்திரி வேலைக்கு இராணுவத்தினரை அனுப்ப வேண்டியதாயிற்று. இரவு விழித்துப் பாடுபடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே விலையா என்று அன்று எழுந்த கேள்வி இன்னும் அடங்கவில்லை. கிழக்குக் கரையின் அறுகம்பேக்குத் தெற்கே, விடியவிடியக் கெமராவை வானத்துக்குத் திருப்பி வைத்துக் காத்திருக்கும் பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளர்களையும் அது தொடுகிறது. அவர்களும் இரவைத்தான் செலவழிக்கிறார்கள்.

விரும்பி விழித்த இரவுக்குச் சம்பளம் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த இரவில் பிறந்த படத்தைத் தன் வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்கிறவர் அதற்குரிய விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடாமல் எடுப்பது களவு.

வைத்தியரோடு ஒப்பிடுவதில் முதலிலேயே ஒரு பிழை இருக்கிறது. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் நள்ளிரவுக் கடமையில் நிற்பவர், தூக்கம் வருகிறதென்று எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. வானத்தைப் படமெடுப்பவர் மேகம் மூடினால் போகலாம். கட்டுண்ட இரவுக்குக் கூலி உண்டு. நபி (ஸல்) அவர்கள் தமக்கு இரத்தம் குத்தி எடுத்த அபூ தைபாவுக்கு உணவுப்பொருளைக் கூலியாகக் கொடுத்தார்கள். வைத்தியக் கல்வியை பர்ளு கிபாயா என்று கணக்கிட்டார் இமாம் கஸ்ஸாலி. ஊரில் ஒருவராவது அதைச் செய்யாவிட்டால் பாவம் ஊர் முழுவதையும் சேரும். வள்ளுவர் மருந்தின் கூறுகளை எண்ணும்போது நோயாளி, வைத்தியர், மருந்து இவற்றோடு அருகிருந்து பணிசெய்பவரையும் நான்காவதாக வைத்தார். தாதியரின் கோரிக்கையை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பதற்கு அந்த எண்ணிக்கையே போதும்.

விண்ணைப் பார்த்தவர்களின் மரபு வேறு. தம் வானியல் நூலுக்காக சுல்தான் மஸ்ஊத் அனுப்பிய யானைச்சுமை வெள்ளியை அல்பிரூனி திருப்பி அனுப்பிவிட்டார் என்று சொல்வார்கள். 1880 செப்டெம்பர் 30 இல் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம்பிடித்த ஹென்றி டிரேப்பர், நியூயோர்க் பெல்வியூ ஆஸ்பத்திரியில் பணியாற்றிய வைத்தியர். அந்தப் படம் அவருக்குச் சம்பள வேலை அல்ல. 2016 செப்டெம்பர் 20 இல் ஆர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பூட்டுத் திருத்தும் விக்டர் புசோ, புதிய கெமராவைச் சோதிக்கையில் ஒரு நட்சத்திரம் வெடிக்கும் முதல் ஒளியைப் பிடித்தார். அதுபற்றி 2018 இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வுக்கட்டுரையில் விஞ்ஞானிகளோடு அவர் பெயரும் நின்றது. சம்பளம் இல்லை, அவருக்குரிய ஹக், அதாவது உரிமை, கிடைத்தது.

அந்த ஹக்குத்தான் நம் கரையில் கேள்விக்குரியது. தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையை நனைக்கும் மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கில் வானம் தெளிந்திருக்கும். பால்வீதியின் செறிந்த நடுப்பகுதி விருச்சிகம், தனுசுப் பக்கமாகத் தெற்கு வானில் உயர்வதும், அலைச்சறுக்க வருகிறவர்கள் விடுதிகளை நிரப்புவதும் அதே மாதங்களில்தான். விடுதி வெளிச்சம் எட்டாத இருளைத் தேடி, பாணமைக்கும் உகந்தைக்கும் யானை நடமாடும் வழியில் போக வேண்டும். பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கெமராவை நகர்த்தி, ஒரே வானத்தைப் பலமுறை எடுத்து, கணினியில் அடுக்கி இரைச்சலை நீக்கினால்தான் ஒரு படம். இப்படிப்பட்ட படங்கள் முகநூலிலிருந்து இறக்கப்பட்டு, பெயர் வெட்டப்பட்டு, அறை வாடகை விளம்பரங்களில் ஏறிவிடுகின்றன.

படமெடுத்தவருக்குப் பிரபலம் கிடைக்கிறதே என்பார்கள். பெயரை வெட்டிய பிறகு ஏது பிரபலம்? வானம் அல்லாஹ்வுடையது என்றும் சொல்வார்கள். கடலும் அவனுடையதுதான், ஆனாலும் மீனவரிடம் மீனைச் சும்மா வாங்குவதில்லை. நிறுவையில் நேர்மையாக இருங்கள், மனிதரின் பொருளைக் குறைத்துவிடாதீர்கள் என்பதுதான் ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் வணிகருக்குச் சொன்ன போதனை. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்கிறது நபிமொழி. நன்றி கொன்றவருக்கு உய்வில்லை என்கிறது குறள். நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி புகைப்படம் பாதுகாக்கப்பட்ட படைப்பு, அதிலிருந்து பயன்பெறும் உரிமையும் பெயர் குறிக்கப்படும் உரிமையும் எடுத்தவருக்கே உண்டு.

விடுதி நடத்தும் சகோதரர்களே, அடுத்த சீசன் விளம்பரத்தை வெளியிடுமுன் அதிலுள்ள படத்தை எடுத்தவர் யாரென்று தேடுங்கள். அனுமதி கேளுங்கள், பெயரைப் போடுங்கள், அவர் சொல்லும் விலையைக் கொடுங்கள். முன்பே எடுத்துப் போட்டவற்றுக்கும் சேர்த்துக் கொடுங்கள்.