விட்ட கையே எடுக்க வேண்டும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஃபோர்ட் லாடர்டேல் நகருக்கு எதிரே கடலடியில் டயர்கள் கிடக்கின்றன. செயற்கைப் பாறை அமைக்கும் திட்டம் என்று 1972-இல் தொடங்கி, ஏறத்தாழ 20 லட்சம் பழைய டயர்கள் கட்டுக்கட்டாக அங்கே இறக்கப்பட்டன. பவளம் படரும், மீன் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். கட்டியிருந்த எஃகுக் கவ்விகளும் நைலானும் இற்றுப்போயின. புயல் வந்தபோதெல்லாம் டயர்கள் உருண்டு, அருகிலிருந்த உயிருள்ள பவளப்பாறைகளில் மோதி அவற்றை நொறுக்கின. அதே கரையில், சற்றே தெற்கே டேனியா கடற்கரையருகில் 1985-இல் ஒரு சிங்கமீன் அகப்பட்டது. அது இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரிய மீன். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிலும் உண்டு. அட்லாண்டிக்குக்கு அது தானாக நீந்திப் போகவில்லை. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்தவர்கள் கடலில் விட்டதே காரணம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

டயரை எடுப்பதில் எவருக்கும் மனச்சங்கடம் இல்லை. மீனை எடுப்பது என்பதோ கொல்வது. ஃப்ளோரிடாவிலும் பஹாமாஸிலும் பரிசுப் போட்டி வைத்து, ஒரே வார இறுதியில் நூற்றுக்கணக்கிலும் சில வேளை ஆயிரக்கணக்கிலும் சிங்கமீன்களை ஈட்டியால் குத்தி எடுக்கிறார்கள். மிகப் பெரிய மீனுக்கும் மிகச் சிறிய மீனுக்கும் தனித்தனிப் பரிசு உண்டு. இது அறமா என்ற கேள்விக்கு விடை ஒன்றுதான்: கொல்வது கடமை, அதைக் கொண்டாட்டமாக்குவது தவறு.

ஏன் கடமை என்பது அட்லாண்டிக் பவளப்பாறைகளின் நிலையைப் பார்த்தால் விளங்கும். சிங்கமீனுக்கு நஞ்சுள்ள முட்கள் 18. அதன் தாய்க்கடலில் இரையும் எதிரியும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தவை. அட்லாண்டிக்கின் சிறுமீன்களுக்கோ அதைக் கண்டு அஞ்சத் தெரியாது. விசிறி போன்ற செட்டைகளை விரித்து அது மெல்ல ஒதுக்கிக்கொண்டு போக, அவை அசையாமல் நின்று இரையாகின்றன. பெண் மீன் சில நாள்களுக்கு ஒருமுறை முட்டையிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் முட்டைகள். பஹாமாஸில் சிறு பாறைத்திட்டுகளில் ஆய்வு செய்த மார்க் ஆல்பின்ஸும் மார்க் ஹிக்ஸனும் 2008-இல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சியானது: சிங்கமீன் இருந்த திட்டுகளில், ஐந்தே வாரத்தில், புதிதாக வந்து குடியேறும் குஞ்சுமீன்களின் சேர்க்கை சராசரியாக 79 சதவீதம் குறைந்துபோனது. அப்படிப் போகும் குஞ்சுகளில் பாசியை மேய்ந்து பவளத்துக்கு மூச்சுவிட இடம் தரும் கிளிமீன்களும் அடக்கம். கிளிமீன் குறைந்தால் பாசி மூடும். பாசி மூடிய பாறையில் இளம் பவளம் வேர்கொள்ளாது. ஆக, அந்த மீனைக் கொல்லாமல் விடுவதும் ஒரு கொலைதான். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால் அது கொலையில்லை என்று ஆகிவிடாது.

திருக்குறளின் கொல்லாமை அதிகாரம் இதற்கு எதிராகத்தான் நிற்கும் என்று முதல் பார்வையில் தோன்றும். ஆனால் கிடைத்ததைப் பகிர்ந்து உண்டு பல உயிர்களையும் காப்பதே நூலோர் தொகுத்த அறங்களில் தலையானது என்று வள்ளுவர் சொல்வது அதே அதிகாரத்தில்தான். அங்கே எண்ணப்படுவது ஓருயிர் அன்று, பல்லுயிர். செங்கோன்மை அதிகாரத்தில் கொடியவரை அரசன் ஒறுப்பதைப் பயிரைக் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறார். சிங்கமீன் குற்றவாளி இல்லை, பசிக்குத் தின்கிறது. ஆகவே ஒறுத்தல் இதற்குப் பொருந்தாது, களையெடுப்பே பொருந்தும். எந்த உழவனும் களையின் மேல் பகை கொள்வதில்லை. அசோகரின் ஐந்தாம் தூண் சாசனம் கொல்லலாகாத உயிர்களைப் பட்டியலிட்டு, மீன் கொல்லலாகாத நாள்களையும் வகுத்தது. அருள் என்பதற்கு ஆய்ந்து பார்க்கும் கண்ணும் வேண்டும் என்பதை அது காட்டுகிறது. சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் 1949-இல் வெளிவந்த தம் நூலில் மண், நீர், செடி, விலங்கு எல்லாம் சேர்ந்த கூட்டத்தில் மனிதனும் ஓர் உறுப்பினன் என்று கொண்டே அறத்தை அளந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக மனுநீதிச் சோழன் கதை இருக்கிறது. கன்று இறந்தது தன் மகனின் தேர்க்காலில் என்பதால் ஈடு செய்வதும் தன் வீட்டின் பொறுப்பு என்று அந்த அரசன் கொண்டான். கடலில் சிங்கமீனை விட்டது மனிதக் கை. எடுப்பதும் அந்தக் கையின் பொறுப்பு.

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. தனி உயிரின் உரிமையை முழுமையின் நலனுக்குப் பலியிடலாகாது என்று மெய்யியலாளர் டாம் ரீகன் 1983-இல் வாதிட்டார். புறாவைக் காக்கச் சிபி தன் தசையை அரிந்து கொடுத்தான். இங்கே விலை கொடுப்பதோ மீன். இந்த உறுத்தல் மெய்யானது. ஆயினும் அது கொல்லும் முறையைத் திருத்துமே தவிர, கடமையை நீக்காது.

முறைதான் இன்று பிழையாக இருக்கிறது. குத்துப்பட்ட மீன் உடனே சாவதில்லை. ஐஸ் பெட்டிக்குள் துடித்துக் கிடக்கிறது. மூளையில் ஒரே குத்தாகக் குத்தி உடனே முடிப்பது கைப்பழக்கம் உள்ளவர்க்கு நொடி வேலை. அதைச் செய்யாதவருக்குப் பரிசு எதற்கு? குறி தவறிய ஈட்டி பவளத்தை உடைத்தால் காக்க வந்ததே பாழாகிறது. பிடித்த மீனைச் சுறாவுக்கு ஊட்டிப் பழக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். அது சுறாவை மனிதக் கையை நோக்கி வரப் பழக்குகிறது. முள்ளை நீக்கினால் இறைச்சி உண்ணத்தக்கது. கொன்றதை வீணாக்குவது கொலைக்கு மேல் இன்னொரு குற்றம்.

முழுவதும் அழிப்பது நடவாது. முக்குளிப்போர் வழக்கமாக இறங்குவது 40 மீட்டர் வரை. சிங்கமீன் 300 மீட்டர் ஆழத்திலும் காணப்பட்டிருக்கிறது. ஆனால் முழுவதும் அழிக்கத் தேவையும் இல்லை. எண்ணிக்கையை ஓர் அளவுக்குக் கீழே வைத்திருந்த பஹாமாஸ் பாறைகளில் உள்ளூர் மீன்கள் மீண்டும் பெருகியதை 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒருநாள் திருவிழாவால் இது கைகூடாது. ஒரே பாறைக்கு மாதாமாதம் திரும்பிவந்து, பரிசும் படமும் இல்லாமல் இறங்குபவர்களால்தான் கைகூடும். ஃபோர்ட் லாடர்டேல் டயர்களும் அப்படித்தான் எடுக்கப்பட்டு வருகின்றன. 2007 முதல் சில கோடைகளில் ராணுவ முக்குளிப்போர் பயிற்சியாகவே இறங்கி, பல்லாயிரக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். பெரும்பகுதி இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது. விடும் கையைத் தடுப்பதிலும் தாமதமே: உயிருள்ள சிங்கமீனை இறக்குமதி செய்ய ஃப்ளோரிடா தடை விதித்தது 2014-இல், டேனியாவில் முதல் மீன் அகப்பட்டு 29 ஆண்டுகள் கழித்து.