திருப்பிக் கொடுத்த முப்பது வெள்ளிக்காசு

பெத்தானியா விருந்தில் மரியா இயேசுவின் காலடியில் பூசிய நறுமணத் தைலத்துக்கு அவருடைய சீடன் யூதாசு உடனே விலை போட்டான்: முந்நூறு தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக அது ஒரு கூலியாளின் ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு. விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றான். பணப்பை அவனிடம்தான் இருந்தது, அதிலிருந்து அவன் எடுத்துவந்தான் என்கிறார் நற்செய்தியாளர் யோவான். ஆனால் அந்தத் திருட்டைவிட அந்த மதிப்பீட்டில்தான் பேராசை நன்றாகத் தெரிகிறது. எதைப் பார்த்தாலும் விலை கேட்கப் பழகிய மனம் குருவுக்கும் விலை கேட்டது. அவரைக் காட்டிக்கொடுக்கத் தலைமைக் குருக்களிடம் கிடைத்தது முப்பது வெள்ளிக்காசு. மாடு முட்டிச் செத்த அடிமைக்கு மோசேயின் சட்டம் விதித்த ஈட்டுத்தொகையும் அதே முப்பதுதான்.

இயேசுவுக்குத் தண்டனை உறுதியானதும் யூதாசு வருந்தினான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டான். காசையும் திருப்பிக் கொடுத்தான். ஒப்புரவுக்குத் திருச்சபை கேட்கும் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் மூன்றும் இங்கே இருப்பதுபோலத்தான் தோன்றுகிறது. பிறகும் ஏன் அவன் தூக்கில் தொங்கினான்?

பாவம் பெரிது என்பது போதிய விடையல்ல. யூதாசு காட்டிக்கொடுத்த அதே இரவில் மற்றொரு சீடரான பேதுருவும் இயேசுவை மும்முறை மறுதலித்தார். அவரை மறுதலிக்க வைத்தது அச்சம், யூதாசு செய்ததோ திட்டமிட்ட வியாபாரம் என்ற வேறுபாடு உண்மைதான். ஆனாலும் சிறு குற்றத்துக்கு மட்டுமே மன்னிப்பு என்றால் சிலுவைக்குப் பொருளில்லை. யூதாசு தன் அறிக்கையைக் கொண்டுபோன இடத்தைப் பார்க்க வேண்டும். தன்னிடம் வாங்கியவர்களிடமே போனான். அது உன் பாடு என்று தலைமைக் குருக்கள் கைவிரித்தார்கள். இரத்தத்தின் விலை காணிக்கையில் சேரலாமா என்று மட்டும் ஆராய்ந்து, அந்நியரை அடக்கம் செய்யக் குயவன் நிலத்தை வாங்கினார்கள். காசைத் திருப்பினால் பேரம் முறியும் என்று நம்பியவனுக்கு அங்கே வழி அடைபட்டது. விலையில்லாமல் ஒன்று கிடைக்கும் என்பது அவன் கணக்கில் இல்லை. பேதுருவிடம் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. அவர் அழுதார், சீடர்களோடு இருந்தார். திபேரியக் கடலோரத்தில் என்னை அன்பு செய்கிறாயா என்று இயேசுவால் மும்முறை கேட்கப்பட்டு, மந்தையையும் பெற்றார்.

இறைவனின் இரக்கத்தில் நம்பிக்கை இழந்ததே யூதாசின் குற்றத்தைக் கூட்டியது என்றார் அகுஸ்தினார். எனினும் அவன் நரகத்தில் இருக்கிறான் என்று திருச்சபை தீர்ப்பு எழுதியதில்லை. மற்றவர்களும் எழுதாமல் இருப்பதே முறை.

மன்னிப்பு இலவசமென்றால் அபகரித்ததைத் திருப்பித் தர வேண்டாமா? எரிகோவின் வரிதண்டுவோர் தலைவன் சக்கேயு இதற்கு விடை. இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வந்தார். அதன் பின்பே அவன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் தருவதாகச் சொன்னான். அந்தப் பணம் மன்னிப்புக்குக் கொடுத்த விலையல்ல, இழந்தவர்களுக்குச் சேர வேண்டிய கடன். ஊரை ஏமாற்றிச் சேர்த்ததில் ஒரு பங்கைக் கோயில் காணிக்கையாகப் போட்டுவிட்டு நிம்மதி தேடுகிறவர் கடவுளிடமும் பேரம்தான் பேசுகிறார். அவர் முதலில் போக வேண்டியது ஏமாந்தவர் வீட்டுக்கு.