சத்திரத்தில் தங்கியவர்கள்

(பெப்ரவரி 11, உலக நோயாளர் தினத்தை ஒட்டி ஓமந்தையில் ஆற்றிய உரை)



லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் கதை உங்களுக்குப் பழக்கமானது. அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டி, அவனைச் சத்திரத்தில் சேர்த்தான். மறுநாள் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். அதன் பிறகு அந்தக் காயத்தைக் கழுவியது யார்? காய்ச்சல் ஏறிய இரவில் விழித்திருந்தது யார்? சத்திரக்காரன். அவனைப் பற்றி நாங்கள் பிரசங்கம் வைப்பதில்லை. நோயாளிகளுக்கென்று வாழ்ந்த கன்னியர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவன்தான் நினைவில் வருகிறான்.

பிரான்சின் நாந்த் நகரில் 1839இல் பிறந்த எலேன் என்ற பெண் 1865இல் மதுரைக்கு வந்தார். துறவறத்தில் அவருடைய பெயர் பாடுகளின் மரியாள். ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டக் கூசி, நோயோடு வீட்டுக்குள்ளேயே மடிந்த பெண்கள் அந்நாளில் ஏராளம். அவர்களின் அறைக்குள் போய் உட்கார ஒரு பெண்ணால்தான் முடியும். 1876இல், அவர் இருந்த துறவற சபைக்குள் எழுந்த மனவருத்தங்களால் இருபது சகோதரிகள் மதுரையை விட்டு ஊட்டிக்குப் போனார்கள். அவரும் அவர்களில் ஒருவர். 1877 சனவரி 6ஆம் திகதி, திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் அனுமதியோடு புதிய சபை பிறந்தது. இன்று உலகெங்கும் இருக்கிற மரியாவின் பிரான்சிஸ்கு மறைப்பணிச் சகோதரிகள் சபை தமிழ் மண்ணில் தொடங்கியது என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2002இல் திருச்சபை அந்த அன்னையை அருளாளராக உயர்த்தியது.

1886இல் இந்தச் சகோதரிகள் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்க வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்து எங்கள் பக்கத்தை நன்கறிந்த பொன்ஜீன் ஆண்டகைதான் அப்போது கொழும்பை வழிநடத்தியவர். பெரியாஸ்பத்திரி வாட்டுகளில் பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும் படுத்திருந்தார்கள். அங்கே ஆன்மப் பணி என்பது பிரசங்கமாக இருக்க முடியாது. புண்ணைக் கழுவுகிற நேரத்தில் நோயாளி தன் பயத்தைச் சொல்லுவார், வீட்டில் விட்டுவந்த பிள்ளையைப் பற்றிச் சொல்லுவார். கேட்பதுதான் வேலை. கத்தோலிக்கர் ஒருவர் சாகக் கிடந்தால் குருவானவர் வந்து நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போவார். பிறகும் கட்டிலடியில் நிற்பவர் சிஸ்டர்தான். ஒரு குருவானவனாக இதைச் சொல்லுகிறேன்: அந்த நிற்றலை நான் என் பூசையைவிடக் குறைந்த வழிபாடாக எண்ணியதே இல்லை.

ஓமந்தைக்கு இது புரியும். போர்க்காலத்தில் ஏ-9 வீதியில் இந்த இடத்தில்தான் சோதனைச்சாவடி இருந்தது. செஞ்சிலுவைக் கொடியைப் பார்த்துக்கொண்டு நோயாளிகளோடு காத்துக் கிடந்தவர்கள் உங்களுக்குள் இருக்கிறீர்கள். 2009இல் சனம் இந்த வழியாகத்தான் வந்து செட்டிகுளம் முகாம்களுக்குப் போனது. வன்னிக்குள் குருக்களும் கன்னியர்களும் கடைசிவரை மக்களோடு நின்றார்கள். கிளிநொச்சியில் பணியாற்றிய அருட்தந்தை சரத்ஜீவன் மே 18ஆம் திகதி, மக்களோடு வெளியேறும்போது உயிர்விட்டார்.

அந்தப் போரில் ஷெல் பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் இன்றும் வன்னி வீடுகளில் படுக்கையில் இருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு, புண் வருவது தெரியாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், இரவிலும். பெரும்பாலும் ஒரு தாயோ மனைவியோதான் அதைச் செய்கிறார். அவர்களும் களைத்துப்போனார்கள், பலருக்கு வயதும் போய்விட்டது.

பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். உங்கள் ஒழுங்கையில் படுக்கையில் இருப்பவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று பாராமல், அவருடைய பெயரை மண்டபத்தில் இருக்கும் சிஸ்டரிடம் சொல்லுங்கள். கிழமையில் ஓர் இரவு விழித்திருக்கக்கூடியவர்கள் உங்கள் பெயரையும் கொடுங்கள். எப்படிப் புரட்டுவது, எப்படிப் புண்ணைப் பார்ப்பது என்று அவர் காட்டித்தருவார்.