குடை பிடித்த கை

ஸ்ரீ:

திருவிழாக் காலத்தில் ஒரு நாழிகைப் பொழுதிற்குள் மனிதன் எத்தனை முகங்களைப் பார்க்கிறான் என்று கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். கொடிமரத்தருகே நெருக்குகிறவன், வாகனத்தின் முன் நின்று மறைக்கிறவன், தீர்த்தத்திற்குக் கை நீட்டுகையில் முந்துகிறவன், மண்டபத் தூணில் சாய்ந்து உறங்குகிறவன் என இவர்கள் ஒவ்வொருவரையும் கண்ட மாத்திரத்தில் மனம் ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறது. இவன் முரடன், இவள் பகட்டுக்காரி, இவனுக்குப் பக்தியில்லை, இவன் சோற்றுக்கு வந்தவன். சாட்சி இல்லை, விசாரணை இல்லை. தன்மேல் ஒரு வழக்கு உண்டென்பதே பிரதிவாதிக்குத் தெரியாது. பெருமாளைச் சேவித்துத் திரும்புகிறவனுடைய கண்ணில் திருமேனி நிற்கவேண்டிய இடத்தில் இத்தீர்ப்புகள் நிற்கின்றன.

இதனை மனித இயல்பு என்று தள்ளிவிடலாமா, அன்றி இது ஆத்ம க்ஷேமத்தையே தொடுகிற குறையா என்பதுதான் கேள்வி.

ஸ்ரீராமாயணத்தில் இரண்டு சந்நியாசிகள் வருகிறார்கள். பஞ்சவடியில் பிராட்டி தனித்திருக்கையில் ஒருவன் வருகிறான். காவி உடுத்து, குடையும் பாதரக்ஷையும் தண்டும் கமண்டலமுமாக வருகிற அவனுக்கு அவள் ஆசனமிட்டு, கால் கழுவ நீர் தந்து, அமுது செய்ய அழைக்கிறாள். வந்தவன் ராவணன். பின்னர் ரிச்யமூக மலையடிவாரத்தில் மற்றொருவன் பிக்ஷு வேஷத்தோடு பெருமாள் முன் வந்து நிற்கிறான். அவன் திருவடி, அதாவது அனுமான். வேஷம் இரண்டிடத்திலும் ஒன்றே. ஒருவன் தன் கொடுமையை மறைக்க அதனை அணிந்தான். மற்றவன் தன் தலைவனுடைய அச்சத்தைத் தீர்க்க அணிந்தான். உடையைக் கொண்டு எதனையும் நிச்சயிக்க முடியாதென்பதற்கு இவ்விரண்டையும்விடத் தெளிவான உதாஹரணம் தேட வேண்டியதில்லை.

ஆயின் சக்கரவர்த்தித் திருமகன் எதனைக் கொண்டு நிச்சயித்தான்? பேசவிட்டான், முழுவதும் கேட்டான். அதன் பிறகே இளையபெருமாளை நோக்கி, வேதங்களையும் வ்யாகரணத்தையும் நன்கு பயின்றவனாலன்றி இவ்வாறு பேசவொண்ணாது, இவ்வளவு பேச்சிலும் பிழைபட்ட சொல் ஒன்றில்லை என்று கொண்டாடினான். கண்டதோடு நில்லாமல் கேட்கிற பொறுமையே அங்கு உரைகல்லாயிற்று.

விபீஷணன் சரணம் புகுந்த கட்டத்திலும் இவ்விஷயம் விரிவாக ஆராயப்படுகிறது. நான்கு துணைவரோடு ஆயுதந்தாங்கி ஆகாயத்தில் வந்து நின்றவனைக் கண்டதும், கொல்ல வந்தவன் என்றே சுக்ரீவன் துணிந்தான். அங்கதன், சரபன், ஜாம்பவான், மைந்தன் ஆகியோர் சோதிக்க வேண்டும், ஒற்றனை விட வேண்டும், வந்த இடமும் காலமும் தகாதவை, மெல்ல வினவிப் பார்க்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். திருவடி ஒவ்வொன்றையும் எடுத்து மறுத்தான். எதிரே வந்து நிற்பவனிடம் ஒற்றனை விடுவது எங்ஙனம்? நல்லெண்ணத்தோடு வந்தவனைக் குறுக்கு விசாரணை செய்தால், கிடைத்த நண்பனை அன்றோ இழக்க நேரும்? இந்தக் கடைசி வாதம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. சந்தேகம் என்பது உள்ளதைக் கண்டுபிடிக்கிற கருவி மட்டும் அன்று. இல்லாததை உண்டாக்கவும் வல்லது. நல்லவனைக் கள்ளனாகப் பார்க்கிற பார்வை சில நாட்களில் அவனைக் கள்ளனாகவே ஆக்கிவிடுவதும் உண்டு.

பெருமாளோ இவை எல்லாவற்றிற்கும் மேலே போனான். வந்தவனிடம் தோஷம் இருப்பினும் கைவிடுவதற்கில்லை என்பது அவன் திருவுள்ளம். அனுமான் குணம் கண்டு ஏற்கலாம் என்றான். பெருமாள் குற்றம் இருந்தாலும் ஏற்கலாம் என்றான். இவ்விரண்டிற்கும் உள்ள தூரமே வாத்ஸல்யம் என்று பூர்வாசார்யர்கள் வியாக்கியானம் செய்தார்கள். அன்று ஈன்ற கன்றின் உடலிலுள்ள அழுக்கைத் தாய்ப்பசு நாவால் நக்கிப் போக்குவதை அவர்கள் காட்டுகிற திருஷ்டாந்தம் யாவரும் அறிந்ததே.

ஈசுவரனுக்குரிய குணம் மனிதனுக்கு எங்ஙனம் கூடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ராவணனுக்கு ஆசனமிட்ட கதையைக் கேட்டபின் எல்லோரையும் நம்பிக் கதவைத் திறந்துவைக்க ஒருவராலும் இயலாது, வேண்டியதும் இல்லை. கதவைத் தாழிடுவது வேறு, வாயிலில் நிற்பவனை மனத்தால் இழிவு செய்வது வேறு. முன்னது எச்சரிக்கை, பின்னது அபசாரம்.

இவ்விஷயத்தில் கோயிற் கைங்கர்யபரர்களும் விலக்கல்லர் என்பதை மறைப்பதில் பயனில்லை. பட்டுக்கரை வேஷ்டியோடு காரில் வந்து இறங்குகிறவருக்கு மாலையும் பரிவட்டமும் தாமே நடந்து வருகின்றன. பத்துக் காதம் நடந்து, புழுதி படிந்த சேலையோடு துளசி ஒரு பிடி முடிந்துகொண்டு வந்த கிழவிக்கு, ‘நகரு, நகரு’ என்ற சொல்லே பிரசாதமாகிறது. இது இன்று நேற்று வந்த நோயும் அன்று. திருக்காவேரிக் கரையில் வீணையும் கையுமாக மெய்ம்மறந்து நின்ற உறையூர்ப் பாணர்மேல் கல்லெறிந்தவர் வழிப்போக்கர் அல்லர். பெருமாளுக்குத் திருமஞ்சனத் தீர்த்தம் கொண்டுசெல்ல வந்த லோகசாரங்க முனிவரே. பிறகு பெருமாள் சொப்பனத்தில் நியமித்தபடி, அதே முனிவர் அதே பாணரைத் தோளில் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு சந்நிதி புகுந்தார். எறிந்த கையும் சுமந்த தோளும் ஒருவருடையனவே என்பது இதிலுள்ள ஆறுதல்.

அதே உறையூர், அதே காவேரி. எம்பெருமானார் எழுந்தருளியிருந்த காலம். 1017 முதல் 1137 வரை நூற்றிருபது திருநக்ஷத்திரங்கள் என்பது ஸம்ப்ரதாயத்தில் வழங்கும் கணக்கு. திருவரங்கத்து உத்ஸவத்தில் கூட்டம் நிறைந்த வீதியிலே ஒரு மல்லன் நடந்துபோகிறான். அவன் கையில் ஒரு குடை. குடை அவனுக்கல்ல, உடன் வரும் பொன்னாச்சி என்னும் பெண்ணின் முகம் வெயிலில் வாடாதிருக்க. அவன் கண்களோ அவள் கண்களை விட்டு அகலவில்லை. பெருமாள் புறப்பாட்டையும் அவன் பார்க்கவில்லை, சிரிக்கிறவர்களையும் பார்க்கவில்லை.

கூட்டம் கண்டது வெட்கங்கெட்ட ஒரு காமுகனை. உடையவர் கண்டது வேறு. ஆயிரம் பேர் நகைக்கையிலும் தான் அன்பு வைத்த பொருளை விட்டுக் கண்ணெடுக்காத ஒரு நெஞ்சு! அந்த நெஞ்சு போய்ப் பற்றிய இடம் சிறிதாயிருக்கலாம். பற்றுகிற வலிமை சிறிதன்று. ஆகவே அவனைக் கடியவில்லை. அழைத்துவரச் செய்து காரணம் வினவினார். அவள் கண்ணழகிற்குத் தோற்றதாக அவன் ஒளியாமல் சொன்னான். இவற்றினும் அழகிய கண்களைக் காட்டினால் அவற்றிற்கு ஆட்படுவாயா என்று கேட்டு, பெரிய பெருமாள் திருமுன்பே கொண்டுபோய் நிறுத்தினார். அன்று அந்தத் திருக்கண்களைக் கண்டவன் மீளவில்லை. உறங்காவில்லி தாசர் ஆனான். பொன்னாச்சியும் அடியாள் ஆனாள்.

பெரும்பாலும் கதை இவ்விடத்தோடு நிறுத்தப்பட்டுவிடுகிறது. ஆனால் இதற்குமேல் நடந்ததே கருத்துடையது.

நீராட எழுந்தருளுகையில் முதலியாண்டான் கையைப் பற்றிக்கொள்கிற உடையவர், நீராடி மீளுகையில் தாசர் கையைப் பற்றிக்கொண்டு வந்தார். உடனிருந்த சீடர்கள் சிலருக்கு இது பொறுக்கவில்லை. தீர்த்தமாடியபின் இவன் கையையா என்று முணுமுணுத்தார்கள். முதல்நாள் வீதியில் கண்ட காட்சி அவர்கள் மனத்தை விட்டுப் போகவில்லை. குடை பிடித்த கை அவர்களுக்கு என்றும் குடை பிடித்த கையாகவே இருந்தது. தாசர் மாறிவிட்டார், அவர்கள் உள்ளத்திலிருந்த தாசர் மாறவில்லை. முதற் பார்வையின் தீங்கு இதுதான். பார்க்கப்பட்டவன் நடந்து முன்னே சென்றுவிடுகிறான். பார்த்தவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

உடையவர் அவர்களுக்கு உபந்யாஸம் செய்யவில்லை. ஓர் இரவு, உலர்த்தியிருந்த அவர்களுடைய வஸ்திரங்களில் சிறிது சிறிது கிழித்தெடுக்கச் செய்தார். விடிந்ததும் மடம் அமளிப்பட்டது. வேதாந்தம் கேட்டவர்கள் ஒரு சாண் துணிக்காக ஒருவரையொருவர் கள்ளன் என்றார்கள். வாயில் வரத்தகாத சொற்கள் வந்தன. பின்னர் ஒரு நாள் தாசரைத் தம்மிடம் பேச்சில் நிறுத்திக்கொண்டு, அதே சீடர்களை அவருடைய இல்லத்திற்கு அனுப்பி, உறங்குகிற பொன்னாச்சியின் ஆபரணங்களைக் கழற்றி வரும்படி நியமித்தார்.

அவர்கள் போனார்கள், ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றினார்கள். அவள் விழித்துக்கொண்டாள், ஆனாலும் உறங்குகிறவள் போலவே கிடந்தாள். மறுபக்கத்து நகைகளும் அவர்களுக்கு உதவட்டுமென்று மெல்லத் திரும்பிப் படுத்தாள். விழித்துவிட்டாள் என்று அஞ்சி அவர்கள் ஓடினார்கள்.

இங்குச் சற்று நிற்க வேண்டும். நள்ளிரவு. இருட்டு. தன் உடம்பிலிருந்து நகையைக் கழற்றும் அந்நியக் கைகள். உலகத்தில் எவருக்கும் அந்நிலையில் தோன்றக்கூடியது ‘திருடன்’ என்ற ஒரே எண்ணந்தான். அவ்வாறு எண்ணினால் குற்றமும் இல்லை. அவளுக்கோ, வந்திருப்பவர்கள் ஸ்ரீவைஷ்ணவர்கள், என்ன முட்டுப்பாடோ இந்நிலைக்கு வந்தார்கள் என்று தோன்றிற்று. பகல் வெளிச்சத்தில், கூடப் படித்தவனையே துணித்துண்டிற்காகக் கள்ளன் என்றவர்கள் எங்கே. இருட்டில் களவாடுகிறவனை முட்டுப்பட்டவனாகக் கண்டவள் எங்கே!

தாசர் இல்லம் திரும்பியதும் நடந்ததைக் கேட்டு மகிழவில்லை, வருந்தினார். நீ ஏன் திரும்பினாய், உன்னுடையது என்றும் நீ கொடுக்கிறாய் என்றும் எண்ணியதால் அன்றோ திரும்பினாய், அசையாது கிடந்திருந்தால் வேண்டியதை அவர்களே கொண்டுபோயிருப்பார்களே என்றார். வெளியே மறைந்து நின்று கேட்ட சீடர்கள் தலைகுனிந்து மடத்திற்குத் திரும்பினார்கள்.

தாசருடைய இந்த வார்த்தை மிக உயர்ந்தது. ‘நான் கொடுக்கிறேன்’ என்னும் நினைவு தயையின் உள்ளேயே ஒளிந்திருக்கும் அஹங்காரம் என்பதை அவர் காட்டினார். எனினும் இல்லறத்தார் இதனைக் கேட்டு மலைத்துப்போய், அவ்வளவு தூய்மை வந்தபிறகே உபகாரம் செய்யத் தொடங்குவோம் என்றிருப்பாராயின் அது தவறாகும். பொன்னாச்சி திரும்பிப் படுத்த அளவுக்கே வாராதவர்கள், திரும்பியதிலுள்ள குற்றத்தை ஆராய்வது வீண் வேலை. முதலில் திரும்பத் தெரிய வேண்டும். அது எத்தனை சிறிய செயல்! உறக்கத்தில் ஒருக்களிப்பது போன்றது.

இத்தகைய சிறு செயல்களை ஸ்ரீபாஷ்யகாரர் சிறியனவாக எண்ணவில்லை. ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், இடையறாத பகவத் தியானம் கைகூடுவதற்கு வாக்யகாரர் சொன்ன ஏழு ஸாதனங்களை அவர் எடுத்துரைக்கிறார். அவற்றுள் க்ரியை என்பது பஞ்ச மஹாயஜ்ஞம் முதலியவற்றைச் சக்திக்கு ஏற்றபடி செய்வது. வந்தவருக்கு அன்னமிடுவதும் அதனுள் அடங்கும். கல்யாணம் என்பதில் ஸத்யம், ஆர்ஜவம், தயை, தானம், அஹிம்ஸை, அநபித்யை ஆகியவை அடங்கும். இவற்றுள் கடைசியாகச் சொன்ன அநபித்யைக்கு, பிறர் பொருளை விரும்பாமை என்றும், பிறர் செய்த தீங்கை நினைத்துக்கொண்டிராமை என்றும் பொருள் கூறுவர். கிழிந்த துணிக்குக் கலகம் செய்தவர்களிடம் இல்லாததும், பொன்னாச்சியிடம் இருந்ததும் அதுவே. ஆகவே தயையும் தானமும் பக்திக்குப் புறம்பான ‘சமூக சேவை’ அல்ல. பக்தி ஏறுகிற படிகள். படியைத் தாண்டிக் குதிக்கிறவன் சந்நிதியை அடைவதில்லை.

வடமொழியில் ஆந்ருசம்ஸ்யம் என்றொரு சொல் உண்டு. கொடுமையின்மை என்பது அதன் நேர்ப்பொருள். அசோகவனத்தில் பிராட்டி, இதுவே தலைசிறந்த தர்மம் என்று பெருமாளிடமே கேட்டிருப்பதாகத் திருவடியிடம் சொல்லுகிறாள். யக்ஷனிடம் உயிர்பெறத் தம்பியரில் ஒருவனைத் தேர்ந்தெடுக்கவேண்டி வந்தபோது, தருமபுத்திரன் பீமனையும் அர்ஜுனனையும் விட்டு மாத்ரியின் மகன் நகுலனைக் கேட்டதும் இதன்பொருட்டே. அவளை இழந்து பெருமாள் வருந்துவதைப் பற்றித் திருவடி சிந்திக்கையில், பெண் என்பதால் காருண்யமும், தன்னையே அண்டியிருந்தவள் என்பதால் ஆந்ருசம்ஸ்யமும் என்று இரண்டையும் வேறுபடுத்துகிறான். துயரப்படும் எவரையும் கண்டு உருகுவது காருண்யம். தன்னை அண்டியிருப்பவரைக் கைவிடாமை ஆந்ருசம்ஸ்யம். முன்னது எப்போதாவது பொங்கும். பின்னது தினமும் வேண்டும்: வீட்டு வேலைக்காரியிடம், வயது முதிர்ந்த தகப்பனாரிடம், கட்டியிருக்கும் மாட்டினிடம்.

அந்நியரைப் பார்க்கிற முதற் பார்வையைவிட, வீட்டிலிருப்பவரைப் பற்றி என்றோ எழுதிய பழைய தீர்ப்பு இன்னும் கடினமானது. உடையவருடைய தேவிகள் தஞ்சமாம்பாளைப் பற்றிய வழக்கும் இத்தகையதே. திருக்கச்சி நம்பி அமுது செய்த இலையை அப்புறப்படுத்தியது, பசித்து வந்தவருக்கு இல்லையென்றது, கிணற்றடியில் பெரிய நம்பியின் தேவிகளோடு பிணங்கியது என மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு அவளை முழுவதும் அளந்துவிடுகிறார்கள். நடந்தவை குற்றங்களே. ஆனால் அவள் வளர்ந்த வீட்டின் ஆசாரம் எது, அவளுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பவர் அரியர்.

தாசர் இல்லத்தில் நகை கழற்றச் சென்ற சீடர்கள் இன்னார் இன்னார் என்று இக்கதை சொல்லுகிற பெரியோர்கள் பெயர் குறிப்பதில்லை. மறுநாள் உடையவர் அவர்களைப் பார்த்து, துணிக்காக நேர்ந்த பேச்சையும் அந்த வீட்டில் நேர்ந்த பேச்சையும் நினைப்பூட்டி, எது ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் என்று வினவியதோடு நிறுத்திக்கொண்டார். மடத்தை விட்டு ஒருவரையும் போகச் சொல்லவில்லை. வழக்கப்படி திருக்காவேரிக்கு எழுந்தருளினார். நீராடிக் கரையேறுகையில், தாசர் எப்போதும்போல் கையை நீட்டினார்.