யாருக்குப் புண்ணியம்?

ஜோலார்பேட்டையில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். பொழுது விடிந்ததும் தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும். வீடு திரும்ப ஏழு மணியாகும், ஓ.டி. போட்டால் எட்டு. பள்ளிக்கூடம் விடுவதோ நாலேகாலுக்கு. இடையில் இருக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை? இதை அரசாங்கம் பார்க்கவேண்டிய விஷயம் என்று பலரும் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது கடவுளைப் பற்றிய கேள்வியாகவும் தெரிகிறது.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டோடு இருந்த நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை எட்டிப்பிடிக்க வந்த திட்டம் அது. சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேர வகுப்பு; மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் வீட்டு வாசல்தான் மையம். நேரம் முடிந்தாலும் பிள்ளைகள் எழுந்து போகமாட்டார்கள். எங்கே போவார்கள்? வீடு பூட்டியிருக்கிறது. "இன்னைக்கு ஓ.டி. போட்டுட்டாங்கக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று கம்பெனியிலிருந்து போன் வரும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "உனக்குக் கோடிப் புண்ணியம்மா." கோயில் காரியங்களில் முன்னே நிற்கிற பெரியவர் ஒருவருக்கு அதில் சம்மதமில்லை. "மாசம் ஆயிரம் வாங்குதே இந்தப் பொண்ணு, அப்புறம் எப்படித் தொண்டாகும்?" என்பார். பிறகு எங்கள் தெரு மையம் முடிந்தது, ஆயிரமும் நின்றது. பிள்ளைகள் மறுநாளும் பையோடு வந்து உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, "இப்பதாம்மா இது தொண்டு" என்றார் அதே பெரியவர்.

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பணம் வந்த நாளிலும் வராத நாளிலும் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது ஒன்றேதான். மாறியதெல்லாம் என் பெயரில் எழுதப்படுகிற கணக்கு. அதோடு, எனக்குப் புண்ணியம் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டுமென்றால் ஏதோ ஒரு பிள்ளை பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அப்படி வருகிற புண்ணியம் எனக்கு வேண்டாம்.

பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. என் வாசலுக்கு வருகிற ஒரு பையன் விடியற்காலையில் மதரஸாவில் ஓதிவிட்டுப் பிறகு பள்ளிக்கூடம் போகிறவன். செயலுக்கு மதிப்பு நிய்யத்தால், எண்ணத்தால் என்பது அவன் மார்க்கம். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டும் செய்கிறவர் மனத்தைச் சுத்தப்படுத்த வந்த வார்த்தைகள். எனக்கு வரும் பலனை நான் விட்டுவிடலாம். அந்தப் பையன் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொண்டானா இல்லையா என்கிற பலனை எப்படி விடுவேன்? அது அவனுடையது.

இந்த இடத்தில் எனக்குத் துணையாக இருப்பவர் வள்ளலார். 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம் கேட்காமல் சோறு போட்டார் என்பதை எல்லாரும் சொல்கிறோம். ஏன் போட வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணத்தைத்தான் மறந்துவிடுகிறோம். உடன்பிறந்தவன் துன்பப்பட்டால் நம் மனம் உருகுவது உடன்பிறந்த உரிமையால். உயிர்களெல்லாம் ஒரே இனம் என்பதால் எந்த உயிர் வாடினாலும் உருகுவதும் அதே உரிமையால் என்றார். அதனால் வரும் பேற்றையும் அவர் பேசியிருக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உறவு முதலில் வருகிறது. தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு யாரும் புண்ணியம் எண்ணுவதில்லை.

உரிமை என்று ஒப்புக்கொண்டால் அது என் நல்ல குணத்தை நம்பி இருக்கக்கூடாது. காலையில் நடப்பதைப் பார்த்து இதைத் தெரிந்துகொண்டேன். வேனுக்கு ஓடுகிற அம்மா டீக்கடை பன்னுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவாள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. இப்போது பிள்ளைகள் சூடான பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். யாரும் யாரையும் கும்பிட வேண்டியதில்லை. தட்டை நீட்டுகிற பிள்ளையின் முகத்தில் கூச்சம் இல்லை.

சாயங்காலத்துக்கு அப்படி ஒன்று இல்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஏழு வயதுப் பிள்ளையை அந்தச் சட்டம் பார்க்கவில்லை. அந்த ஆயிரம் ரூபாய் மறுபடி வர வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். இந்தப் பிள்ளைகளுக்கு ஊர் கொடுக்க வேண்டிய பங்கு அது. என் வீட்டில் நாளைக்கு ஒருவர் படுத்துவிட்டால் வாசல் மூடிவிடும், உரிமை மூடக்கூடாது.

பாட்டி மறுபடி புண்ணியத்தைப் பேசியபோது, "புதன்கிழமை நீங்க வந்து உட்காருங்க பாட்டி" என்றேன். எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்கினார். ஆனால் ஜங்ஷன் பக்கம் பல வருஷம் பழம் விற்றவர்; வாய்க்கணக்கில் அவரை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை. இப்போது புதன்கிழமைகளில், டஜன் இத்தனை என்றால் ஏழு பழம் என்ன விலை என்று அவர் கேட்கிறார். பிள்ளைகள் நோட்டைத் திறப்பதற்குள் விடையையும் அவரே சொல்லிவிடுகிறார். அதைத்தான் கொஞ்சம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.