நோன்பும் காட்சியும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர். இராஜகிரியின் உச்சியை அண்ணாந்து நோக்குகிறார்கள். அடிவாரத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் முன் சிறிது நின்று செல்கிறார்கள். அக்கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரத்துப் பாறைகளில் துறவியர் தங்கித் தவமியற்றினர் என்பதை அறிந்து வருவோர் சிலரே.

செஞ்சியை அடுத்த தொண்டூரில் ஒரு குன்று இருக்கிறது. அதன் குகைத்தளத்தில் பாறையைச் செதுக்கி மூன்று படுக்கைகள் அமைத்திருக்கிறார்கள். அங்கே தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டும் உண்டு. அகலூர் எனும் ஊர்ப்பெயரும் மோசி எனும் ஆட்பெயரும் அதில் காணப்படுகின்றன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் எழுத்தாய்வாளர். சமண முனிவர்க்கு இருப்பிடம் அமைத்துக் கொடுத்த அறச்செயலைக் கூறுவது அது. அந்த அகலூர் இன்றும் இருக்கிறது. தமிழ்ச் சமணர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

இதே செஞ்சி வட்டாரத்தில், சிங்கவரத்தை அடுத்துத் திருநாதர்குன்று நிற்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரரையும் இரு வரிசையாகச் செதுக்கிய பெரும்பாறை அங்குள்ளது. அக்குன்றில் ஒரு பழைய கல்வெட்டு, சந்திரநந்தி எனும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த இடம் அதுவெனக் கூறுகிறது. மற்றொன்று, இளையபட்டாரர் என்பார் 30 நாள் நோற்றதைக் கூறுகிறது. தமிழ் எழுத்து வரலாற்றில் 'ஐ' எனும் எழுத்தை முதன்முதலாக நாம் காண்பது, 'ஐம்பத்தேழு' என அந்த நாட்கணக்கைப் பொறித்த இடத்திலேதான் என்று அறிஞர் கூறுவர்.

அக்கல்வெட்டுகளை எண்ணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வியப்பு எழும். நாட்களை எண்ணிப் பொறித்தவர்கள், அந்த நாட்களில் அம்முனிவர் எதைக் கண்டார் என்பதைப் பொறிக்கவில்லை. ஐம்பதாம் நாள் அவர் முன் ஒளி தோன்றிற்றா? வானவர் இறங்கினரா? புலன்களைக் கடந்து அறியும் அவதிஞானம் பற்றிச் சமண நூல்கள் பேசத்தான் செய்கின்றன. ஆயினும் கல் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நோற்றார் என்ற ஒரு செய்தியே போதுமென அக்காலத்தார் கருதினர் போலும்.

இந்த வியப்பு எனக்கு வெறும் வரலாற்று ஆர்வமாக நின்றுவிடவில்லை. அதை என் இல்லத்துக்குள் கொண்டுவந்தவர் என் தாயார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான். தாயாருக்கு நெடுநாளாய் நீரிழிவு. நோன்பு நோற்க வேண்டாம் என மருத்துவர் தடுத்திருந்தார். அவர் கேட்கவில்லை. பிறை இருபத்தேழாம் இரவில் லைலத்துல் கத்ரின் ஒளியை ஒருமுறையேனும் கண்டுவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆவல். வயிறு எத்துணை வெறுமையாய் இருக்கிறதோ அத்துணை உள்ளம் திறக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். ஆகவே அன்று ஒரு பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் நோன்பு திறந்து, கஞ்சியைத் தொடாமல், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கிவிட்டுத் தொழுகையில் நின்றார். நள்ளிரவுக்குப் பின் அறை முழுதும் வெண்ணொளி பரவியதைக் கண்டார். அடுத்த கணம் தொழுகைப் பாயிலேயே சாய்ந்தார். சர்க்கரை நீர் புகட்டினோம், பிழைத்தார். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது, பார்வை மங்கி ஒளி தெரிவது அதன் அடையாளமே என்றார் மறுநாள் மருத்துவர்.

அன்று மாலை தாயார் என்னை அருகழைத்தார். "நீ நாலு எழுத்துப் படித்தவன். நான் கண்டது அல்லாஹ்வின் ஒளியா, சர்க்கரையின் மயக்கமா? சொல், தம்பி" என்று கேட்டார்.

என்ன விடை கூறுவது? ஒளிதான் என்றால் மறு ஆண்டும் அவர் பட்டினி கிடப்பார். அடுத்த முறை சர்க்கரை நீர் உரிய வேளையில் கிடைக்காமற் போகலாம். மயக்கம்தான் என்றால், அறுபது ஆண்டுக் காத்திருப்பை ஒரு மாத்திரைக்கு விலையாக்கியவன் ஆவேன். அன்று நான் விடை கூறவில்லை. தேடத் தொடங்கினேன்.

முதலில் உடலின் கதையைக் கேட்போம். உண்ணாதிருப்பவனின் ஈரலில் சேமித்த சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துபோகிறது. பின்னர் உடல் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அதிலிருந்து பிறக்கும் கீட்டோன் எனும் பொருள் மூளைக்கு உணவாகிறது. நெடுநாள் பட்டினியில் மூளைக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை அதுவே தருகிறது என்பதை ஜார்ஜ் கேஹில் என்பாரும் அவருடைய துணைவரும் 1967இல் காட்டினர். ஆகவே 57 நாள் என்பது புராணக் கணக்கன்று. நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனும் பெயரை வேண்டி 1956இல் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 76 நாள் தாங்கி உயிர்நீத்தார்.

நெடும்பட்டினி உள்ளத்தைக் கலக்குவதும் உண்மையே. தயமின் எனும் உயிர்ச்சத்துக் குறைந்தால் அறிவு தடுமாறும். நடவாததை நடந்ததாக நா சொல்லும். அதனோடு தனிமையும் உறக்கமின்மையும் சேர்ந்தால் இல்லாததைக் கண் காணவும் கூடும். இவற்றைச் சுட்டிக்காட்டி, தவசிகள் கண்ட காட்சியெல்லாம் பட்டினியின் பிதற்றல் என்று கூறிவிடுவோர் உண்டு.

அது அவசர முடிவு. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூலில் இத்தகையோருக்கு விடை தந்திருக்கிறார். ஓர் எண்ணம் உடலின் எந்நிலையில் பிறந்தது என்பதைக் கொண்டு அதன் மெய்ம்மையை அளக்க முடியாது. நாத்திகனின் எண்ணமும் ஏதோ ஓர் உடல்நிலையில் பிறந்ததுதானே என்பது அவருடைய வாதம். காட்சியின் வேரைத் தோண்டுவதினும் அதன் கனியைப் பார்ப்பதே முறை என்றார்.

இந்த வாதம் இருபுறமும் கூருடையது என்பதையும் நாம் மறக்கலாகாது. பட்டினியில் பிறந்தது என்பதால் ஒரு காட்சி பொய்யாகிவிடாது. பட்டினி கிடந்து பெற்றது என்பதால் அது மெய்யாகியும் விடாது.

பசி தானாகவே விண்ணுலகைக் காட்டுமா? 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 இளைஞர் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தனர். போரால் பட்டினியுற்ற மக்களை மீட்கும் வழியறிய நடந்த ஆய்வு அது. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அவர்கள் இழந்தார்கள். அவர்கள் கண்டது என்ன? கனவிலும் நனவிலும் உணவையே கண்டனர். சமையல் நூல்களை வாங்கிச் சேர்த்தவரும் அவர்களுள் உண்டு. எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. வானவர் எவரும் அவர்களிடம் வந்ததாய்ச் செய்தியில்லை. பசித்தவனுக்குப் பசி காட்டும் காட்சி சோறுதான்.

இனி, நம் மார்க்கத்தின் பக்கம் திரும்புவோம். பெருமானார் (ஸல்) அவர்களுக்கு ஹிரா குகையில் முதல் வஹீ வந்ததை நாமனைவரும் அறிவோம். ஆனால் அந்த ஹதீஸில் ஒரு சிறு செய்தியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அவர்கள் குகைக்குச் செல்லும்போது உணவு எடுத்துச் சென்றார்கள். அது தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து மீண்டும் எடுத்துச் சென்றார்கள். உலகை மாற்றிய அந்த இறைச்செய்தி, மனைவி கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றோடு தனித்திருந்த ஒருவருக்கே வந்தது.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். முப்பது இரவுகள் குறிக்கப்பட்டன. மேலும் பத்தால் அவை நிறைவு செய்யப்பட்டன. அவற்றில் அவர்கள் நோன்பிருந்ததாக விரிவுரையாளர் உரைப்பர். நாற்பது இரவுகளின் முடிவில், இறைவா, உன்னைக் காண வேண்டும் என்று கேட்டார்கள். காண இயலாது என்ற விடையே கிடைத்தது. மலை தூளாயிற்று, அவர்கள் மூர்ச்சையுற்றார்கள். தெளிந்து எழுந்தபோது கட்டளைகள் பொறித்த பலகைகள் அருளப்பட்டன. வேண்டியது காட்சி, கிடைத்தது கடமை. திருமறை இதைக் கூறும் முறையை ஆழ்ந்து நோக்குவார்க்கு என் தாயாரின் வினாவுக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

நோன்பைக் கடமையாக்கிய திருவசனமும் காட்சியை வாக்களிக்கவில்லை. தக்வாவையே, இறையச்சத்தையே நோக்கமாகக் கூறுகிறது. நோயாளிக்கும் பயணிக்கும் விலக்களித்து, அல்லாஹ் உங்களுக்கு எளிதையே நாடுகிறான் என்று தொடர்கிறது. இரவு பகலாய்த் தொடர்ந்து நோற்கும் விஸால் நோன்பைப் பெருமானார் (ஸல்) தம் தோழர்க்குத் தடுத்தார்கள். வெயிலில் நின்றுகொண்டு, பேசாமல், அமராமல் நோன்பிருப்பேன் என நேர்ந்த ஒருவரை நிழலுக்கு வரவும் அமரவும் பேசவும் பணித்து, நோன்பை மட்டும் நிறைவு செய்யச் சொன்னார்கள். நாளும் நோன்பிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நினைவூட்டினார்கள்.

ஸூஃபியாக்கள் பசியைப் போற்றினார்களே என்று கேட்கலாம். போற்றினார்கள். ஸஹ்ல் துஸ்தரீ (ரஹ்) அவர்களின் பசி புகழ்பெற்றது. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் இஹ்யாவில் பசியின் நற்பயன்கள் பத்தினை வரிசைப்படுத்துகிறார். உள்ளம் தெளிவதை அதில் கூறுகிறார்; துன்புறுவோரின் பசியை மறவாதிருப்பதையும் கூறுகிறார். ஆனால் முடிவில் அவர் நம்மை நிறுத்தும் இடம் நடுநிலையே. வயிற்றின் பாரமும் தெரியக்கூடாது, பசியின் வலியும் தெரியக்கூடாது என்பதே அந்நிலை. பசி அவர்களுக்குக் கருவி. காட்சியை விலைக்கு வாங்கும் நாணயமன்று.

இறுதியாக லைலத்துல் கத்ரையே எடுத்துக்கொள்வோம். அந்த இரவு எதுவெனப் பெருமானாருக்கு அறிவிக்கப்பட்டது. அதைத் தோழர்க்குச் சொல்ல வெளியே வந்தார்கள். அப்போது இருவர் சச்சரவு செய்துகொண்டிருந்தனர். அதனால் அவ்வறிவு உயர்த்தப்பட்டுவிட்டது என்று ஹதீஸ் கூறுகிறது. அந்த இரவின் அடையாளம் நம்மிடமிருந்து மறைந்தது எவரும் வயிறார உண்டதனாலன்று. இருவர் பகைத்து நின்றதனால்.

இவற்றையெல்லாம் தாயாரிடம் சில நாள் கழித்துச் சொன்னேன். "அம்மா, நீங்கள் கண்டது என்னவென்று அல்லாஹ்வே அறிவான். மருத்துவர் சொன்னது மெய். அதனால் உங்கள் காத்திருப்பு பொய்யாகிவிடவில்லை. ஆனால் அந்த ஒளிக்காக உடலை வருத்தும்படி மார்க்கம் உங்களைக் கேட்கவில்லை. காண்பது நம் கையில் இல்லை; கண்டபின் என்ன செய்கிறோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும்" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்த இருவர் எதற்காகச் சண்டையிட்டார்கள்?" என்று மட்டும் கேட்டார். ஹதீஸ்களில் ஒரு கடன் தகராறு பேசப்படுவதுண்டு. அதுதானா என்று எனக்குத் தெரியாது என்றேன். வீட்டுப் பங்கு ஒன்றின் பொருட்டு அவரும் என் சின்னம்மாவும் ஒன்பது ஆண்டுகளாய்ப் பேசாதிருந்ததை நான் அப்போது நினைக்கவில்லை. அவர் நினைத்திருக்கிறார். பெருநாள் தொழுகை முடிந்து நான் வீடு திரும்பியபோது, ஆட்டோ ஒன்றை அழைத்துவரச் சொன்னார்.

மறு ஆண்டு அவர் நோன்பு நோற்கவில்லை. நோற்க இயலாத முதியவர்க்கு மார்க்கம் வகுத்தபடி, நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவென ஃபித்யா கொடுத்தார். முப்பது நாளும் அடுப்படியில் தாமே நின்றார். பசி காட்டும் காட்சி சோறுதான் என்று முன்னர்ச் சொன்னேன். நோன்பு செய்யும் வேலை அந்தக் காட்சியைத் திருப்பி வைப்பதே என்று இப்போது எனக்குப் படுகிறது. தன் கையில் இல்லாத சோற்றைக் கண்டு ஏங்கியவன், பிறர் கையில் இல்லாத சோற்றைக் காணத் தொடங்குகிறான். அதைக் காணாத நோன்பாளி வேறெதைக் கண்டதாய்ச் சொன்னாலும் நாம் சற்றுத் தயங்கித்தான் கேட்க வேண்டும்.

திருநாதர்குன்றின் பாறையை மீண்டும் நினைக்கிறேன். சந்திரநந்தி ஆசிரியரின் வழி வேறு. நம் வழி வேறு. உயிர் நீங்கும்வரை உண்ணாதிருப்பதை நம் மார்க்கம் ஏற்பதில்லை. எனினும் அவரைப் பற்றிப் பொறித்தோரின் அடக்கத்தில் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அவர் நோற்றதைச் சொன்னார்கள். கண்டதை அவருக்கே விட்டுவிட்டார்கள்.