கையில் உள்ள இடமும் காத்திருக்கும் பிள்ளையும்

ஒரு பிள்ளைக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. எதில் சேர்வது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஆயினும் மற்ற இடத்தை, “இருந்துவிட்டுப் போகட்டுமே” என்று விடாமல் வைத்திருக்கிறார்கள். இது கூடுமா, கூடாதா? நம் வியாபார சகோதரர்கள் சற்றே சிந்திக்க வேண்டிய கேள்வி இது. நாம் மதரஸா ஓதலும் ஆரம்பப் பள்ளிப் படிப்பும் மட்டுமே உள்ள கடைக்காரர்கள். கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லோம். எனினும் கொடுக்கல் வாங்கலின் நியாயம் நமக்குத் தெரியும். இதுவும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான்.

நம் மலாக்கா மாநிலத்துப் பிள்ளைகள் எஸ்.பி.எம். தேறியதும் எத்தனை வாசல்களைத் தட்டுகிறார்கள் என்று பாருங்கள். லோண்டாங்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. டுரியான் துங்கலில் அரசாங்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மலாக்கா நகரத்தை ஒட்டித் தனியாருடைய மல்டிமீடியா பல்கலைக்கழகம். பக்கத்துப் பள்ளிகளில் ஆறாம் படிவம். யு.பி.யு. வழியே விண்ணப்பிப்போர் 12 விருப்பங்கள் வரை வரிசைப்படுத்தி எழுதினாலும் அதில் கிடைப்பது ஓர் இடம்தான். ஆனால் மெட்ரிகுலேஷனுக்குத் தனி விண்ணப்பம். தனியார் கல்லூரிக்குத் தனி. ஆறாம் படிவத்துக்கும் தனி வழி. ஒரே பிள்ளையின் கையில் இரண்டு மூன்று இடங்கள் சேர்வது இதனால்தான்.

இனி மறுபக்கம். எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-ஆம் ஆண்டில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் 8 ஏ, 9 ஏ பெற்ற பிள்ளை? அவன் மேல்முறையீடு எழுதிவிட்டுக் காத்திருக்கிறான். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தோட்டத்துப் பக்கம் உள்ள வீட்டில் அவன் தகப்பனார் தினமும், “ஏதும் வந்ததா?” என்று கேட்கிறார். யாரேனும் ஓர் இடத்தை விட்டால்தான் அவனுக்கு வழி பிறக்கும்.

சிலர் சொல்வார்கள்: “நாங்கள் பதிவுக் கட்டணம் கட்டியிருக்கிறோம். சேராவிட்டால் பணம் கல்லூரிக்குத்தானே போகிறது? யாருக்கு என்ன நஷ்டம்?” இது அச்சாரக் கணக்கு. பத்து மூட்டை அரிசிக்கு அச்சாரம் கொடுத்தவர் வரவில்லையென்றால், அச்சாரம் நமக்கு. மூட்டையை மறுநாள் வேறொருவருக்கு விற்றுவிடலாம். கல்லூரி இடம் அரிசி மூட்டை அன்று; அது பஸ் இருக்கையைப் போன்றது. பஸ் புறப்பட்ட பின் காலி இருக்கையை யாருக்கும் கொடுக்க முடியாது. அச்சாரம் கல்லூரியின் நஷ்டத்தை ஈடுகட்டலாம். வெளியே நின்ற பிள்ளையின் ஓர் ஆண்டை ஈடுகட்டாது.

அப்படியானால், கிடைத்த இடத்தை உடனே விட்டுவிட வேண்டுமா? இல்லை. இன்னும் முடிவுக்கு வராத தகப்பனை நாம் குறை கூறவில்லை. பதில் சொல்ல இத்தனை நாள் என்று தவணை கொடுத்திருக்கிறார்கள். யோசிப்பதற்காகவே கொடுத்தது அது. பணம் பற்றுமா, விடுதி எங்கே, பெண்பிள்ளை தனியே போய்வர முடியுமா என்றெல்லாம் பார்க்க அந்தத் தவணை அவருடைய ஹக்கு. ஆனால் மனத்தில் முடிவாகிவிட்ட பிறகு, மீதமுள்ள தவணை அவருக்கு எதற்கு? அன்று முதல் அந்த இடம் அவர் கையில் உள்ள பிறர் அமானத்.

“குற்றம் ஏற்பாட்டில்தான் இருக்கிறது, அதை மேலிடத்தார் திருத்தட்டும்” என்போரும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கேல், ஷாப்லி என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1962-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு வழி எழுதினார்கள். கல்லூரி, கேட்டு வந்தவர்களுள் சிறந்தவர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும். மற்றவர்கள் தங்கள் அடுத்த விருப்பத்துக்குப் போவார்கள். எல்லாரும் நிலைகொண்ட பிறகே இடம் உறுதியாகும். ஷாப்லிக்கு 2012-ஆம் ஆண்டு பொருளாதார நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. கேல் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இந்தியாவிலும் மருத்துவ மேற்படிப்பு இடங்களைப் பிடித்துவைத்துப் பின்னர் கைவிடும் வழக்கத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டில் தீர்ப்புரைத்தது. வைப்புத்தொகை பறிமுதல், வருங்காலத் தேர்வுக்குத் தடை எனத் தண்டனைகளைக் கூறியதோடு, இதில் ஏற்பாட்டின் ஓட்டையும் உண்டு என்று சுட்டிக்காட்டியது.

ஆகவே ஓட்டையை மேலிடத்தார் அடைக்கட்டும். ஆனால் ஒன்றை எந்தச் சட்டமும் எந்தக் கம்ப்யூட்டரும் காணமாட்டா. அது நம் நிய்யத். நாம் முடிவு செய்த நாள் நமக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும். தராசின் முள்ளை வாடிக்கைக்காரர் பார்க்காத நேரத்திலும் நேராக நிறுத்துகிறவர்கள் இதை எளிதில் உணர்வார்கள்.

காத்திருப்பவருக்கும் ஒரு வார்த்தை. காத்திருப்பது சும்மா இருப்பதாக வேண்டாம். ஆறாம் படிவத்தில் சேர்ந்து பாடம் படித்துக்கொண்டே காத்திருக்கலாம், எஸ்.டி.பி.எம். தேர்வும் பல்கலைக்கழகத்துக்கு வழிதான். மேல்முறையீட்டுக்கு எந்த நாள் வரை பார்ப்பது என்று முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். அறிந்தவரிடம் மஷ்வரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள், பின்பு ஒன்றைப் பற்றிக்கொண்டு நில்லுங்கள். அழைப்பு வந்து வேறிடம் போவதானால், விட்டுப்போகும் பள்ளிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

இடத்தை மறுப்பதற்குச் செலவில்லை. கடை அடைக்குமுன் பிள்ளையை அருகில் உட்காரவைத்து, கல்லூரிக்குத் தெரிவித்துவிடலாம். அந்த இடம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியவராது. அவர் ஹக்கு அவரைச் சேர்ந்தது என்பது போதும்.